கலுங்குக்கு மேல் ஒரு முழம்

சனிக்கிழமை இரவு பதினொன்றே கால்.
அண்ணா நகர் ஸ்கேன் சென்டர், இரண்டாம் மாடி.
கடைசி நோயாளி படத்தைச் சுருட்டிக்கொண்டு
ஷேர் ஆட்டோ ஏறிய பிறகுதான்
வட்டு என் கைக்கு வருகிறது.

பதினெட்டு டெராபைட். பாதிக்கு மேல் காற்று.
பக்கத்துப் பிரிவில் ஒன்பது, அதில் மூச்சு முட்டல்;
புது எம்ஆர்ஐ ஒரு முதுகெலும்பை
ஆயிரம் துண்டாக அரிந்து அரிந்து அனுப்புகிறது.
"இங்கே பத்தை எடு, அங்கே கொடு" என்றார் லூர்துராஜ்,
மேசையில் தண்ணீர்ச் செம்பை நகர்த்துவதுபோல.

எங்கள் தெரு ஒரு காலத்தில் ஏந்தல்.
வீட்டுப் பத்திரத்தில் இன்னும் 'உள்வாய்' என்றே இருக்கிறது.
அதையும் யாரோ இப்படித்தான் சுருக்கினார்கள்:
எல்லைக்கல்லை நகர்த்தினார்கள்,
தண்ணீரிடம் சொல்லவில்லை.
ஐப்பசியில் அது பழைய முகவரிக்கு வந்து
என் ஸ்கூட்டரின் இருக்கை வரை உட்கார்ந்தது.

ஆகவே வரிசை எனக்கு மனப்பாடம்.
முதலில் உள்ளிருப்பது ஒதுங்க வேண்டும்,
பிறகுதான் சுவர்.

குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்டால்
கருவி ஏழே கால் என்கிறது.
தன் பதிலைத் தானே 'மதிப்பீடு' என்றும் சொல்லிக்கொள்கிறது.
அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும், நம்பிக்கை வராது.
மேலேயும் ஒரு கூரை:
பக்கத்துப் பிரிவு பழைய வார்ப்பு, முப்பத்திரண்டு பிட்.
பதினாறுக்கு மேல் எண்ண அதற்கு விரல் இல்லை.
பத்தைக் கொடுத்தால் பத்தொன்பது;
கூரையில் முட்டி அங்கேயே நிற்கும்.

ஆறு, என்றேன்.
"உன் சொந்தக் காசா, இப்படிப் பிடிச்சுப் பிடிச்சுக் குடுக்கிற?"
இல்லை சார். இடித்துப்போனால் திருப்பித்தர
என்னிடம் காசும் இல்லை, முதுகெலும்பும் இல்லை.

பிரிவைக் கழற்றப் பார்த்தேன். 'உபயோகத்தில் உள்ளது.'
யார்? தேடினால் ஃபர்வீன் டாக்டரின் அறை,
மூடாமல் போன ஒரு ஜன்னல்.
கோரிப்பாளையத்தில் வலீமா விருந்து, பின்னணியில் கூச்சல்,
"மூடிருமா, மூடிரு, பிரியாணி ஆறுது."

சோதனை ஐந்து சுற்று. மூன்றாவதில்
மணி ஒன்று ஐம்பது.
பிறகு கட்டளை: பதினொன்றரைக்கு ஒடுங்கு.
பன்னிரண்டுக்கு அல்ல. சுவர் வரப்போவதுதான் பன்னிரண்டில்;
நடுவே அரை டெராபைட் வெறுமை.
கலுங்குக்கு மேல் கரை நிற்கும் அந்த ஒரு முழம்
யாருக்கும் எந்த வருஷமும் தேவைப்படாமல் இருக்கட்டும்.

திரையில் எக்ஸ் எக்ஸாக நகர்கிறது.
மூன்று இருபதுக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிட, நான் எழுந்து நின்றேன்,
நின்று என்ன செய்வேன், நின்றேன்.
கீழே செக்யூரிட்டி ஒச்சப்பன் ஜெனரேட்டரை
அதன் அம்மாவைச் சொல்லித் திட்டி உசுப்பினார்.
நாற்பது நிமிடக் கையிருப்பில் ஆறு செலவு.

ஏழு மணிக்கு முடிந்தது.
சுவரைப் பன்னிரண்டில் இறக்கி,
அமைப்பைச் சுவர் வரை விரியச் சொன்னேன்;
கடன் வாங்கிய அரையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
ஆறு அந்தப் பக்கம் போனது. பதினைந்து.
கூரைக்கு ஒன்று குறைவு.

லூர்துராஜின் செய்தி: "முடிஞ்சிதா? எவ்வளவு மிச்சம்?"
பதில் போடவில்லை. முதலில்
ஏதாவது ஒரு பழைய படம் திறக்கிறதா பார்க்க வேண்டும்.
கண்ணை மூடி ஒன்றைத் தொட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்று, பேச்சியம்மாள், இடது முழங்கால்.
திறந்தது.
இரண்டு எலும்புக்கும் நடுவே
நூல் அகலத்தில் ஒரு கறுப்பு.
அது தேய்ந்தால்தான் வலி ஆரம்பம்
என்று ஃபர்வீன் டாக்டர் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.
கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன்.
இருக்கிறது.